முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து ஒவ்வாமையை மாற்றலாமா?

உப்புவெளியில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். அவருடைய மகனுக்கு ஆறு வயது. ஒரு வயதில் அவித்த முட்டை கொடுத்தபோது உடம்பெல்லாம் தடித்து வாந்தி எடுத்தான். போன வருடம் ஒரு பிறந்தநாள் வீட்டில் ரோல்ஸ் ஒன்றைப் பாதி கடித்ததும் உதடு வீங்கி, இருமி, மூச்சு இழுக்கத் தொடங்கி, வைத்தியசாலையில் அட்ரினலின் ஊசி போட வேண்டி வந்தது. இழுப்புக்கு இன்ஹேலரும் பாவிக்கிறான். இப்போது மாமி, "தினமும் ஒரு சொட்டு வெள்ளைக்கரு நாக்கில் வைத்துப் பழக்கினால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறாராம். வெளிநாட்டில் ஓரல் இம்யூனோதெரபி என்ற பெயரில் இதைத்தானே செய்கிறார்கள், நாங்களும் வீட்டில் செய்யலாமா என்பது முதல் கேள்வி. ஏழு மாத மகளுக்கு முட்டை கொடுக்கலாமா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன்: வீட்டில் தொடங்காதீர்கள். ஒரு சொட்டுகூட வேண்டாம். உங்கள் மகனுக்கு ஏற்கனவே மூச்சு இழுத்து அட்ரினலின் தேவைப்பட்டிருக்கிறது. அதோடு இழுப்பு நோயும் இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளையை வைத்து அடுப்படியில் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது.

அதற்காக மாமியோடு சண்டைக்குப் போகவும் வேண்டாம். அவர் சொல்வதன் அடிப்படை பிழையில்லை. ஒவ்வாத உணவை மிக மிகச் சிறிய அளவில் தொடங்கி, மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டு போனால் பல பிள்ளைகளின் உடம்பு அதைத் தாங்கப் பழகுகிறது என்பது ஆய்வுகளில் காட்டப்பட்ட உண்மை. பிரச்சினை அளவிலும், கொடுக்கும் இடத்திலும், ஏதாவது நடந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதிலும்தான் இருக்கிறது. வைத்தியசாலையின் சிறுவர் விடுதியில் வேலை செய்கிறவள் என்ற முறையில் இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த ஒரு சொட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர். வெள்ளைக்கருவில் 10 சதவீதத்துக்குச் சற்று மேல் புரதம் இருக்கிறது. அப்படியானால் ஒரு சொட்டில் 5 மில்லிகிராம் புரதம். வெள்ளைக்கரு கொழகொழப்பானது என்பதால் சொட்டு பெரிதாக விழும், இன்னும் கூடவே இருக்கலாம். 2012இல் அமெரிக்காவில் வெளியான முக்கியமான ஆய்வில் முதல் நாள் தொடங்கிய அளவு என்ன தெரியுமா? 0.1 மில்லிகிராம். நீங்கள் "ஒரே ஒரு சொட்டு" என்று நினைப்பது அதைவிடக் கிட்டத்தட்ட 50 மடங்கு. அந்த 0.1 மில்லிகிராமையும் வைத்தியசாலைக்குள், ஊசியும் ஒட்சிசனும் தயாராக இருக்கும் இடத்தில்தான் கொடுத்தார்கள். இன்னொன்று, இன்று விழும் சொட்டும் நாளை விழும் சொட்டும் ஒரே அளவாக இருக்காது. ஒரே முட்டையிலேயே வெள்ளைக்கருவில் தண்ணீர் போன்ற பகுதியும் கெட்டியான பகுதியும் இருக்கின்றன. அதனால்தான் சிகிச்சையில் வெள்ளைக்கருத் தூளைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார்கள், அல்லது புரத அளவு கணக்கிட்டுத் தயாரித்த உணவாகக் கொடுக்கிறார்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளையின் நோய் எதிர்ப்புத் தொகுதி முட்டைப் புரதத்தை எதிரி என்று பதிந்து வைத்திருக்கிறது. அந்தப் புரதத்துக்கென்றே ஐஜிஈ என்ற பிறபொருளெதிரி உருவாகி, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் கலங்களில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். முட்டை உள்ளே போனதும் அந்தக் கலங்கள் ஹிஸ்டமின் முதலானவற்றைக் கொட்டும். தடிப்பு, வீக்கம், வாந்தி, இழுப்பு, இரத்த அழுத்தம் விழுவது எல்லாம் அதன் விளைவு. மிகச் சிறிய அளவை ஒழுங்காகத் தினமும் கொடுத்து வரும்போது அந்தக் கலங்கள் முன்போலச் சட்டென்று கிளம்பாமல் அடங்குகின்றன. மாதங்கள் போகப் போக ஐஜிஈ குறையும், ஐஜிஜி4 என்ற வேறொரு வகைப் பிறபொருளெதிரி கூடும்.

சரி, இந்தச் சிகிச்சை உங்கள் மகனுக்குத் தேவையா? அதற்கு முன் தெரிய வேண்டியவை சில இருக்கின்றன.

முட்டை ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகவே போகும். மெல்பேர்னில் நடந்த பெரிய ஆய்வொன்றில், ஒரு வயதில் ஒவ்வாமை இருந்த பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இரண்டு வயதுக்குள்ளேயே அது போய்விட்டது. மற்றவர்களிலும் பலருக்குப் பாடசாலைப் பருவத்தில் போகும். அதனால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அவசரப்பட்டு இந்தச் சிகிச்சையைத் தொடங்குவதில்லை. ஐரோப்பிய ஒவ்வாமை வைத்தியர் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டல், நான்கு ஐந்து வயதாகியும் போகாத ஒவ்வாமைக்குத்தான் இதைப் பரிந்துரைக்கிறது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான், போன வருடமும் கடுமையாக வந்திருக்கிறது. ஆகவே இதைப் பற்றி வைத்தியரிடம் கேட்பது முற்றிலும் நியாயம்.

அடுத்தது பேக் செய்த முட்டை. முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேர் கேக்கில் வேகும் முட்டையைச் சாப்பிட முடிகிறது. காரணம் இதுதான். வெள்ளைக்கருவில் அதிகம் இருக்கும் ஓவல்புமின் என்ற புரதம் சூட்டில் உருக்குலைந்துவிடும். ஓவோமியூகாய்ட் என்ற மற்றப் புரதம் சூட்டுக்கு இலகுவில் அசையாது. ஆனால் கோதுமை மாவோடு கலந்து 180 பாகை சூட்டில் 20, 30 நிமிடம் போறணையில் வெந்தால் அதுவும் மாவுக்குள் சிக்குண்டு, வீரியம் குறையும். எந்தப் புரதத்துக்கு ஒவ்வாமை என்பதைப் பொறுத்து, ஒரு பிள்ளை கேக் சாப்பிடலாம், இன்னொரு பிள்ளை கேக்குக்கும் துடிக்கும். ஓவோமியூகாய்டுக்கான ஐஜிஈயை இரத்தப் பரிசோதனையில் தனியாகவே அளக்க முடியும்.

இந்த இடத்தில் நம் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுப் பட்டியல்களில் இவை இருக்காது. வட்டிலப்பம் வேகிறதுதானே என்று நினைப்பார்கள். அது ஆவியில் வேகும் முட்டை, மாவு கிடையாது. ஒரு கரண்டியிலேயே நிறைய முட்டை இருக்கும். கேக்கோடு அதைச் சேர்க்கவே கூடாது. முட்டை அப்பத்தின் நடு, கொத்தில் கிளறிய முட்டை, முட்டை ரொட்டி எல்லாம் அரைவேக்காடுதான். ரோல்ஸிலும் கட்லட்டிலும் மேலே ரொட்டித்தூள் ஒட்டுவதற்கு முட்டையில் தோய்க்கிறார்கள், ரோல்ஸுக்குள் அவித்த முட்டைத் துண்டு வைப்பதும் வழக்கம். உங்கள் மகன் அகப்பட்டது அங்கேதான். பணிஸின் மேல் பளபளப்புக்குப் பூசுவது முட்டை. பிறந்தநாள் கேக்கின் வெள்ளை ரோயல் ஐசிங்கில் பச்சை வெள்ளைக்கரு இருக்கும், அதனால் கேக்கைத் தாங்கும் பிள்ளைக்கும் ஐசிங் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். முட்டைக்கோப்பி பச்சை முட்டைக்குச் சமம். பெண்பிள்ளை பெரியவளானதும் நல்லெண்ணெயோடு பச்சை முட்டை குடிக்கக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அதைக் கொடுப்பது உயிரோடு விளையாடுவது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஊர்க்கோழி முட்டை ஒன்றும் செய்யாது, காடை முட்டை ஒவ்வாமைக்கு மருந்து, தாரா முட்டை வேறு சாதி என்பவையும் காதில் விழும். எல்லாவற்றிலும் புரதங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. கோழி முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் காடை முட்டையும் தாரா முட்டையும் விலக்கல்ல, அவையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கோழி இறைச்சியை மட்டும் பெரும்பாலான பிள்ளைகள் பிரச்சினை இல்லாமல் சாப்பிடுவார்கள்.

பரிசோதனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோலில் குத்திப் பார்ப்பதும், இரத்தத்தில் ஐஜிஈ அளப்பதும் உதவும், ஆனால் அவை மட்டும் தீர்ப்பு அல்ல. பரிசோதனையில் பொசிட்டிவ் வந்தும் நிம்மதியாக முட்டை சாப்பிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நூறு உணவுகளுக்கு ஐஜிஜி பார்த்துத் தருகிறோம் என்று விற்கும் பட்டியல் பரிசோதனைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஐஜிஜி இருப்பது அந்த உணவை உடம்பு சந்தித்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டும்.

உண்மையான தீர்ப்பு, வைத்தியரின் முன்னால் உணவைக் கொடுத்துப் பார்ப்பது. இது எப்படி நடக்கும் என்று தெரிந்தால் வீட்டுப் பரீட்சை ஏன் வேண்டாம் என்பது உங்களுக்கே விளங்கும். பிள்ளை காய்ச்சல் இல்லாமல், இழுப்பு இல்லாமல், ஒவ்வாமை மருந்தைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்திவிட்டு வரவேண்டும். நிறையைப் பார்த்து, அட்ரினலின் அளவைக் கணக்கிட்டு, கட்டிலின் பக்கத்திலேயே வைத்துவிட்டுத்தான் தொடங்குவோம். முதல் தடவை கொடுப்பது கரண்டி நுனியில் ஒட்டும் அளவு. 20, 30 நிமிடம் பொறுத்து அடுத்தது, பிறகு இன்னும் கொஞ்சம் கூட. அந்த இடைவெளியில் பார்க்க வேண்டியது தோலை மட்டும் இல்லை. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை கார்ப் பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அம்மாவின் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். காதைச் சொறியும், நாக்கை வெளியே நீட்டித் தேய்க்கும், தொண்டையைச் செருமும். தடிப்பு வெளியே தெரிவதற்கு முன்னால் வரும் அறிகுறிகள் இவை. பழகிய தாதி ஒருவர் தூரத்தில் நின்றே "இனி போதும், நிறுத்துவோம்" என்பார். வீட்டில் இதைக் கண்டு, சரியாக அந்த நேரத்தில் நிறுத்த எல்லோராலும் முடியாது.

இப்படி அவன் எவ்வளவுக்குத் தாங்குகிறான் என்று தெரிந்த பிறகுதான் சிகிச்சை தொடங்கும். முதல் நாள் முழுவதும் வைத்தியசாலையில். மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, தாங்கும் அளவொன்றைக் கண்டுபிடிப்பார்கள். அடுத்த நாளில் இருந்து அதே அளவை வீட்டில் தினமும் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் போனதும் திரும்ப வைத்தியசாலைக்குப் போய், அங்கே வைத்து ஒரு படி கூட்டுவார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரம் கண்காணித்துவிட்டு அனுப்புவார்கள். இப்படிப் பல மாதங்கள். பிறகு பராமரிப்பு அளவு. நான் முன்பு சொன்ன 2012 ஆய்வில் அது 2 கிராம் வெள்ளைக்கருத் தூள், ஒரு முட்டையின் மூன்றில் ஒரு பங்கு அளவு. முக்கியமான விதி: அளவைக் கூட்டுவது வைத்தியசாலையில் மட்டும். வீட்டில் கொடுப்பது ஏற்கனவே அங்கே தாங்கிய அளவை.

பலன் என்ன? அந்த ஆய்வில் 5 முதல் 11 வயது வரையான 55 பிள்ளைகள் இருந்தார்கள். 40 பேருக்கு முட்டைத் தூள், 15 பேருக்குப் போலித் தூள். 22 மாதம் கழித்து, சிகிச்சை பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் ஒரு முழு முட்டைக்கும் கூடுதலான அளவைச் சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு சில வாரங்கள் முட்டையை நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுத்துப் பார்த்தபோது, தாங்கியவர்கள் 40 பேரில் 11 பேர்தான், அதாவது 28 சதவீதம். போலித் தூள் பெற்றவர்களில் ஒருவரும் இல்லை.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள தூரம்தான் பெற்றோர் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டியது. தினமும் சாப்பிடும் வரை தாங்குவது ஒன்று. நிறுத்தினாலும் தாங்குவது வேறொன்று. முதலாவது பலருக்குக் கிடைக்கிறது. இரண்டாவது குறைந்த பேருக்கு, அதுவும் நீண்ட காலம் தொடர்ந்தவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. முதலாவது மட்டும் கிடைத்தாலும் அதன் மதிப்புப் பெரிது என்பது என் கருத்து. தெரியாமல் ஒரு ரோல்ஸைக் கடித்த பிள்ளை வைத்தியசாலைக்கு ஓடாமல் இருப்பதே ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நிம்மதி என்பது உங்களுக்குத் தெரியும்.

கேக்கைத் தாங்கும் பிள்ளைகளுக்குக் கேக்கே போதாதா என்று கேட்பீர்கள். 2020இல் வந்த ஒரு ஆய்வு இதைத்தான் ஒப்பிட்டது. இரண்டு வருடம் பேக் செய்த முட்டை சாப்பிட்டவர்களில் 11 சதவீதம் பேரும், முட்டை இம்யூனோதெரபி எடுத்தவர்களில் 43 சதவீதத்துக்குச் சற்று மேலானோரும், நிறுத்திய பிறகும் முட்டையைத் தாங்கினார்கள். இருந்தாலும் கேக் சாப்பிடக் கூடிய பிள்ளைக்கு அதைச் சாப்பிடக் கிடைப்பதே வாழ்க்கையை இலகுவாக்கும், அதைத் தடுக்கத் தேவையில்லை. உங்கள் மகன் அதைத் தாங்குகிறானா என்பதையும் வைத்தியசாலையில்தான் பார்க்க வேண்டும். நம் பட்டர் கேக்கில் முட்டை அதிகம், நடுப்பகுதி ஈரமாகவும் இருக்கும். பேக்கரியில் வாங்கிய துண்டை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பக்க விளைவுகளை மறைக்காமல் சொல்கிறேன். கொக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு மீளாய்வில், இந்தச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் 75 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு விதமான ஒவ்வாமை விளைவு வந்திருக்கிறது. பெரும்பாலும் வாய் அரிப்பு, வயிற்று வலி, தடிப்பு. 8.4 சதவீதம் பேருக்கு அட்ரினலின் தேவைப்பட்டது, அதாவது பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர். சிலருக்கு உணவுக்குழாயில் ஈசினோபில் அழற்சி என்ற பிரச்சினையும் வரலாம். விழுங்கக் கஷ்டம், தொடர்ந்து வாந்தி, நெஞ்செரிவு என்று பிள்ளை சொன்னால் அதை உடனே கிளினிக்கில் சொல்லுங்கள், சிகிச்சையை நிறுத்த வேண்டி வரலாம். இழுப்பு கட்டுப்பாட்டில் இல்லாத பிள்ளைக்கு இந்தச் சிகிச்சையைத் தொடங்கவே மாட்டார்கள். ஆகவே உங்கள் முதல் வேலை முட்டை அல்ல, இன்ஹேலர். தடுப்பு இன்ஹேலரை ஒழுங்காகப் பாவிக்கிறானா, ஸ்பேசரில் சரியாக இழுக்கிறானா என்பதைப் பார்த்துச் சீராக்குங்கள்.

வீட்டில் கொடுக்கும் நாட்களைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் பிழைகள் நடப்பது அங்கேதான்.

நேற்றுத் தாங்கிய அதே அளவு இன்று தாங்காமல் போகலாம். காய்ச்சல், வயிற்றோட்டம், இழுப்பு, நித்திரைக் குறைவு, வெறும் வயிறு, ஓடி விளையாடுவது, சுடுநீர்க் குளிப்பு, சில வலி மருந்துகள் எல்லாம் தாங்கும் எல்லையைக் கீழே இறக்கிவிடும். பாடசாலை விட்டு வந்து, அளவைக் கொடுத்த கையோடு கடற்கரைக்குக் கிரிக்கெட் விளையாட விட்டால் அங்கேதான் பிரச்சினை வரும். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், குறைந்தது இரண்டு மணி நேரம் ஓட்டமும் கடல் குளிப்பும் வேண்டாம். படுக்கப் போகும் நேரத்திலும் கொடுக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது உங்கள் கண் முன்னால் விழித்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டுப்பாடம் செய்யும் நேரம் நல்லது. காய்ச்சலுக்கு இபுப்ரோபன் கொடுக்காதீர்கள். டெங்கு உள்ள ஊரில் அது எப்படியும் கூடாது, பரசிட்டமோல் போதும். காய்ச்சல் வந்த அன்று முட்டை அளவைக் குறைப்பதா விடுவதா என்று கிளினிக்கில் முன்பே எழுதி வாங்கி வையுங்கள். சில நாட்கள் தொடர்ந்து விட்டுப்போனால், பழைய அளவில் நீங்களாகத் திரும்பத் தொடங்காதீர்கள். உடம்பு பெற்ற பழக்கம் சில நாட்களிலேயே கழன்றுவிடும்.

இங்கே நம் வீடுகளுக்கே உரிய ஒரு விசயம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சைவம், கந்தசஷ்டி, நவராத்திரி என்று முட்டையை வீட்டுக்குள்ளேயே எடுக்காத நாட்கள் பல வீடுகளில் உண்டு. இந்தச் சிகிச்சைக்கு அப்படி இடைவெளி விட முடியாது. கந்தசஷ்டி ஆறு நாளும் நிறுத்திவிட்டு ஏழாம் நாள் முழு அளவைக் கொடுத்தால் அதுவே ஆபத்து. தொடங்கும் முன்பே குடும்பத்தோடு இருந்து கதைத்து, இது மருந்து, உணவு அல்ல என்ற முடிவுக்கு வாருங்கள். முடியாது என்று குடும்பம் சொன்னால், தொடங்காமல் இருப்பதே நேர்மையான முடிவு. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இதை வாசிக்கும் பெற்றோருக்கு: நோன்பு பிடிக்கத் தொடங்கும் வயதுப் பிள்ளை என்றால், நோன்பு திறந்தவுடன் வெறும் வயிற்றில் அளவைக் கொடுக்காமல், சாப்பிட்டு முடித்த பிறகு எப்போது கொடுப்பது என்று ரமழானுக்கு முன்பே வைத்தியரோடு திட்டமிடுங்கள்.

பிறகு, தூரம். திருகோணமலையில் இருந்து நீங்கள் முதலில் போக வேண்டியது மாவட்டப் பொது வைத்தியசாலையின் சிறுவர் வைத்திய நிபுணரிடம். அங்கிருந்து கடிதத்தோடு கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவுக்கோ, சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். பரிசோதனை வேறு, சிகிச்சை வேறு. இம்யூனோதெரபிக்கென்று போகும் முன் அந்த இடத்தில் அதைச் செய்கிறார்களா, தமிழில் கதைத்து விளங்கப்படுத்த ஆள் இருப்பார்களா என்பதைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கொழும்பு 260 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மாதக்கணக்கில் போய்வர வேண்டும். அளவைக் கூட்டிய அன்றே இராப் பஸ் ஏறி, ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காட்டுப் பாதையில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் என்ன செய்வீர்கள்? அளவு கூட்டும் நாளில் இரவு கொழும்பிலேயே தங்குங்கள். இன்னும் நல்லது, கொழும்பு நிபுணர் திட்டம் எழுதிக் கொடுக்க, அளவு கூட்டுவதை இங்கே சிறுவர் விடுதியில் செய்ய முடியுமா என்று இரண்டு பக்கமும் கேட்பது. கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சிகிச்சை தொடங்கினாலும் தொடங்காவிட்டாலும் அட்ரினலின் பற்றி இன்றே ஏற்பாடு செய்யுங்கள். தானாகக் குத்தும் பேனா ஊசி நம் ஊர் மருந்தகத்தில் போய்க் கேட்டதும் எடுத்துத் தரும் பொருள் அல்ல. அதனால் அம்பியூலையும் (மருந்து உள்ள சிறு கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சையும் வைத்துப் பெற்றோருக்குப் பழக்கும் முறை இருக்கிறது, அதை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். அளவு ஒரு கிலோ நிறைக்கு 0.01 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். உங்கள் மகனின் நிறைக்கு உரிய அளவை வைத்தியர் கையால் எழுதி, சிரிஞ்சில் கோடு காட்டித் தரவேண்டும். மருந்தை வெயிலிலும் சூடான வாகனத்திலும் வைக்காதீர்கள். மூச்சு இழுத்தால், தொண்டை அடைத்தால், பிள்ளை சோர்ந்து வெளிறினால் முதலில் இந்த ஊசி. ஒவ்வாமை மருந்துகளான பிரிட்டோனும் செட்டிரிசினும் தடிப்பைக் குறைக்கும், உயிரைக் காப்பாற்றாது. பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுக் கஷ்டம் என்றால் உட்கார விடலாம், ஆனால் எழுப்பி நடத்தாதீர்கள். 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், சேவை இலவசம். குணமான மாதிரித் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குப் போயே ஆகவேண்டும், சில மணி நேரத்துக்குப் பிறகு திரும்ப வரலாம்.

வகுப்பாசிரியரிடமும் கன்டீனிலும் எழுதியே கொடுங்கள். பாடசாலைச் சாப்பாட்டில் முட்டை வரும் நாள், வகுப்பில் பிறந்தநாள் கேக் பகிரும் நாள் இரண்டும் கவனம்.

வேறு வழிகளும் இருக்கின்றன. ஒன்றும் செய்யாமல் முட்டையைத் தவிர்த்து, வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்துப் பார்ப்பது மோசமான தெரிவு அல்ல. தூரம், செலவு, இழுப்பு எல்லாவற்றையும் பார்த்து அதைத் தெரிவு செய்யும் பெற்றோர் பிள்ளைக்கு அநியாயம் செய்யவில்லை. ஓமலிசுமாப் என்ற ஊசி மருந்தை, தற்செயலாக உட்கொள்வதால் வரும் ஆபத்தைக் குறைக்க 2024 பெப்ரவரியில் அமெரிக்கா அங்கீகரித்தது. பல உணவுகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உதவும், ஆனால் தொடர்ந்து போட வேண்டும், விலையும் மிக அதிகம். உங்கள் நிலைமையில் நான் முதலில் செய்யச் சொல்வது, இழுப்பைச் சீராக்கி, அட்ரினலின் கையில் எடுத்து, பேக் செய்த முட்டைப் பரிசோதனைக்கு நாள் வாங்குவது. அதன் முடிவைப் பார்த்து இம்யூனோதெரபி பற்றிப் பேசலாம்.

இனி மகள். அண்ணனுக்கு ஒவ்வாமை என்பதற்காக அவளுக்கு முட்டையைத் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை குறைவதில்லை, கூடவே செய்யலாம். ஜப்பானில் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் நோய்) உள்ள குழந்தைகளுக்கு ஆறு மாதத்தில் இருந்து சூடாக்கிப் பதப்படுத்திய முட்டைத் தூளைச் சிறு அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. ஒரு வயதில் முட்டை ஒவ்வாமை, கொடுத்தவர்களில் 8 சதவீதம், கொடுக்காதவர்களில் 38 சதவீதம். மகளுக்குக் கரப்பான் இல்லை என்றால் நன்றாக அவித்த முட்டையில் இருந்து கடுகளவு மசித்து, பகல் நேரத்தில், அவள் சுகமாக இருக்கும் நாளில் தொடங்கலாம். கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் பாருங்கள், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, ஒத்துக்கொண்டால் வாரத்தில் சில தடவை விடாமல் கொடுங்கள். பச்சை முட்டையும் அரைவேக்காடும் வேண்டாம். கடுமையான கரப்பான் இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். அவளுக்குக் கொடுக்கும் கோப்பையும் கரண்டியும் தனியாக இருக்கட்டும், ஊட்டியதும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தண்ணீரில் மட்டும் அலசினால் போகாது.

ஒன்பதாம் மாதத்தில் அவளுக்குச் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி வரும். முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும்கூட அந்த ஊசியைப் போடலாம், அண்ணனைக் காரணம் காட்டி யாரும் தள்ளிப்போடச் சொன்னால் கேட்காதீர்கள். இலங்கையில் தடுப்பூசிக்குப் பின் ஒவ்வாமை வந்த பிள்ளைகளைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வொன்று, ஊசியில் இருக்கக்கூடிய மாட்டுப் புரதத்தையே சாத்தியமான காரணமாகச் சுட்டியது. ஆகவே அவளுக்குப் பசுப்பாலோ மாட்டிறைச்சியோ கடுமையாக ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், அதை மட்டும் ஊசி போடும் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.